மறு: ஏரேட்டருக்குத் தமிழ்: காற்றூட்டி வேண்டாம், தாரைமுனை பார்க்கலாமா?

வணக்கம்.

டேப்பின் வாயில் திருகும் ஏரேட்டரை நாம் மொழிபெயர்க்கும் கையேட்டில் தமிழில் எப்படி அழைப்பது என்பதற்கு இழையில் இதுவரை வந்த சொற்கள் நான்கு: காற்றூட்டி, நுரைப்பான், நீர்ச்சேமிப்பி, குழாய்ச் சல்லடை. என் வாக்கு நான்கில் எதற்கும் இல்லை. ஏன் என்று சொல்லிவிட்டு ஐந்தாவதாக ஒன்றை வைக்கிறேன், அடிக்க வேண்டியவர்கள் அடிக்கலாம்.

> காற்றூட்டி ஏற்கெனவே அகராதியில் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது ஐயா, தொல்லையே அதுதான். மீன்தொட்டியில் குமிழி விடும் கருவிக்கும், கழிவுநீர்த் தொட்டியைக் கலக்கும் பெரிய சக்கரத்துக்கும் அந்தச் சொல் போய்விட்டது. அங்கே வேலை, நீரில் உயிர்வளியை (ஆக்சிஜனை) கரைப்பது. வாஷ்பேசின் டேப்பின் வாயில் திருகியிருக்கும் இந்தச் சின்னப் பொருள் யாருக்கும் உயிர்வளி கொடுப்பதில்லை. காற்றைக் கலந்து தாரையைப் பருமனாக்குகிறது, தெறிக்காமல் இறக்குகிறது, அதனால் குறைந்த நீரிலும் கை கழுவியது போல இருக்கிறது. நம் கையேட்டில் கழிவுநீர் மறுபயன்பாட்டுக்குத் தனி அத்தியாயம் உண்டு. இரண்டு காற்றூட்டிகள் அடுத்தடுத்து வந்தால் படிப்பவர் கதி என்ன?

இன்னொன்று. இந்தக் குடும்பத்தில் எல்லாமே காற்றைக் கலப்பதில்லை. நுரைத்த தாரை தருவது ஒரு வகை. பல பொடித் துளைகள் வழியே மெல்லிய இழைகளாகத் தூறுவது இன்னொரு வகை. நிமிடத்துக்கு 1.9 லிட்டர் என்று விற்கும் பொதுக் கழிப்பறை முனைகள் பெரும்பாலும் அந்தத் தூறல் வகைதான். மூன்றாவது, காற்றே சேராமல் கண்ணாடிக் கம்பி போலத் தெளிவாக விழுவது. அறைக் காற்றை நீருக்குள் இழுக்காது என்பதற்காக மருத்துவமனைகளில் இதை விரும்பிப் பொருத்துகிறார்கள். காற்றே இல்லாத பொருளைக் காற்றூட்டி என்றும், நுரைக்காததை நுரைப்பான் என்றும் எப்படி அச்சடிப்பது? பிரெஞ்சில் இதை ‘மூஸர்’, அதாவது நுரைப்பான் என்றே சொல்கிறார்கள். ஜெர்மனில் ‘ஷ்ட்ரால்ரெக்லர்’, தாரையைச் சீராக்குவது. ஜெர்மன்காரர்கள் வழிதான் நமக்கும் ஒத்துவரும் என்று படுகிறது, ஏனென்றால் தாரை மூன்று வகையிலும் உண்டு.

நீர்ச்சேமிப்பி பற்றி. பெயரிலேயே வாக்குறுதி கொடுப்பது எனக்குச் சங்கடம். டேப்பைத் திறந்துவிட்டுக் கை, முகம் கழுவும்போது மிச்சமாகும், உண்மை. அதே டேப்பில் வாளி பிடித்தால் ஒரு சொட்டும் மிச்சமில்லை. 15 லிட்டர் வாளிக்கு 15 லிட்டர்தான், நிறைவதற்கு ஆகும் நேரம் கூடும், அவ்வளவே. அப்புறம் “சேமிப்பி போட்டும் சேமிக்கவில்லையே” என்று சண்டைக்கு வருவார்கள், நியாயமான சண்டை.

சல்லடை என்பது உள்ளே இருக்கும் ஒரு பாகம். கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே ரப்பர் வாஷர், அடியில் கம்பி வலை, பிறகு துளைத்தட்டு, கடைசியில் உறை. வலையில் மணலும் துரும்பும் சேர்ந்தால் தாரை ஒரு பக்கமாகச் சாயும். சுண்ணாம்பு படிந்திருந்தால் வினிகரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். இந்த வலையைச் சல்லடை என்று வைத்துக்கொள்ளலாம், நல்ல சொல். முழுப் பொருளுக்கு அது வேண்டாம்.

‘குழாய்’ என்ற முன்னொட்டும் வேண்டாம். சுவருக்குள் ஓடுவதும் குழாய், கைப்பிடி வைத்ததும் குழாய். கையேட்டில் டேப் என்றே போட்டிருக்கிறோம், அப்படியே இருக்கட்டும்.

ஆகவே என் பரிந்துரை: தாரைமுனை. இடமும் தெரிகிறது, வேலையும் தெரிகிறது. வகை சொல்ல வேண்டிய இடத்தில் நுரை தாரைமுனை, தூறல் தாரைமுனை, தெளி தாரைமுனை. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

“தாரைமுனையை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றி, சல்லடையைக் கழுவி, வாஷரை மறக்காமல் திரும்பப் பொருத்தவும்.”

நாக்கில் இடறவில்லை. பிளம்பர் எப்படியும் ‘முனை’ என்று சுருக்கிக்கொள்வார், பரவாயில்லை.

இனி, யாரும் தொடாத ஒரு சிக்கல். எனக்கு ஏரேட்டரைவிட இதுதான் முக்கியம்.

மூல ஆவணத்தில், டேப்பில் வரும் நீரின் பாய்வை மட்டுப்படுத்தும் பாகங்களாக ரெஸ்ட்ரிக்டர், ரெகுலேட்டர் என இரண்டு வருகின்றன. நம் வரைவில் இரண்டுக்கும் ‘பாய்வுக் கட்டுப்பாட்டி’ என்று இருக்கிறது. இரண்டும் வேறு. முதலாவது வெறும் சிறு துளை உள்ள வில்லை. அழுத்தம் நாலு மடங்கானால் அதில் பாய்வு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இரண்டாவதில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அழுத்தம் ஏறினால் அது நசுங்கி வழியைச் சுருக்கும், இறங்கினால் விரிந்து வழிவிடும். அதனால் பாய்வு கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும்.

படிப்பவருக்கு இது ஏன் முக்கியம்? அமெரிக்காவின் வாட்டர்சென்ஸ் என்னும் நீர்ச் சிக்கன முத்திரை பெற வாஷ்பேசின் டேப் நிமிடத்துக்கு 5.7 லிட்டரைத் தாண்டக்கூடாது. அந்த அளவு 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில் எடுப்பது, கிட்டத்தட்ட 4 பார். டேப்புக்கு 3 மீட்டர் மேலே இருக்கும் தொட்டி தரும் அழுத்தம் வெறும் 0.3 பார். வெறும் துளை வில்லையானால் அதே முனையில் சுமார் ஒன்றரை லிட்டர்தான் வரும். சோப்பு போகாமல் நின்றுகொண்டிருப்பவர் முனையைக் கழற்றி எறிவார். அந்த முத்திரையே 20 பிஎஸ்ஐ-யில் 3 லிட்டராவது வர வேண்டும் என்று கீழ் எல்லை வைத்திருப்பதும் இந்த எரிச்சலைத் தவிர்க்கத்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே துளை உள்ளதற்குப் பாய்வுக் குறைப்பி, ரப்பர் வளையம் உள்ளதற்குப் பாய்வு நிலைப்பி. ‘நிலைப்பி’ கொஞ்சம் செயற்கை, தெரிகிறது. ‘நிலைப்படுத்தி’ என்றால் மின்சார ஸ்டெபிலைசர் நினைவு வரும். ஆனால் அந்த நினைவு இங்கே தப்பில்லையோ? அதுவும் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வதுதானே. யாராவது ‘நிலைப்படுத்தி’க்கு வாதாடினால் எதிர்க்க மாட்டேன்.

> டூயல் பிளஷ் - இரட்டைக் கழுவல் / ஈரளவுத் தொட்டி

கழிப்பறையில் தேவைக்கேற்ப இரண்டு அளவில் நீர் விடும் தொட்டி இது. சுருக்கமாகச் சொல்கிறேன். இரட்டைக் கழுவல் என்றால் இரண்டு தடவை கழுவ வேண்டும் என்று ஆகிவிடும், நோக்கத்துக்கே நேர் எதிர். ஈரளவுத் தொட்டி இலக்கணப்படி அழகு, ஆனால் வேகமாகப் படிக்கையில் ஈரத்தை அளக்கும் கருவியாகிறது. மேலே இரண்டு பொத்தான், முழுசுக்கு 6 லிட்டர், அரைக்கு 3 லிட்டர் என்பதே பரவலான அமைப்பு. இருபொத்தான் தொட்டி போதும் என்பேன். ஒரே கைப்பிடியை மேலும் கீழும் தள்ளும் மாதிரிகளும் உண்டு என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். அவை நம் கையேட்டில் வரவில்லை, வரும்போது பார்ப்போம்.

தாரைமுனைக்குப் பலத்த மறுப்பு வராவிட்டால் மூன்றாம் அத்தியாயத்தில் மாற்றிவிடுகிறேன். குறைப்பி, நிலைப்பி இரண்டும் அட்டவணையின் தலைப்பில் வருவதால் அவற்றை மட்டும் முதலில் முடித்துக்கொடுங்கள், வடிவமைப்பவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார்.