மறு: ‘உடைந்த அணுகல் கட்டுப்பாடு’ – வேறு சொல் தேடுவோம்

குழுவினருக்கு வணக்கம்.

‘புரோக்கன் ஆக்சஸ் கன்ட்ரோல்’, அதாவது ஒரு செயலைச் செய்ய வந்தவருக்கு அதற்கு உரிமை உண்டா என்று நிரல் சரியாகப் பார்க்காத பாதுகாப்புக் குறை. நம் கலைக்களஞ்சியப் பதிவில் அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாக வாசிக்க மட்டும் செய்தேன். பேராசிரியர் ஐயாவின் நேற்றைய மடலைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

> ‘அங்கீகாரமின்மை’ என்றே வைத்துக்கொள்ளலாம். புழங்கும் சொல் இருக்கப் புதுச்சொல் எதற்கு?

ஐயா, போன மாதம் வரை நானும் இதைத்தான் எழுதிவந்தேன். நான் பராமரிக்கும் தளங்களில் ஒன்று ஒரு தனியார் பள்ளியுடையது. அதில் கூடுதல் வசதிக்காகச் சேர்த்திருந்த செருகுநிரல் (பிளகின்) ஒன்றுக்கு அவசரப் புதுப்பிப்பு வந்தபோது, “தளத்தில் அங்கீகாரமின்மைக் குறை உள்ளது, இன்றே சரிசெய்ய வேண்டும்” என்று தாளாளருக்கு எழுதினேன். பத்து நிமிடத்தில் போன். “என்ன தம்பி, அங்கீகாரம் ரினியூவல் எல்லாம் வாங்கி ஃபைல்ல இருக்கே, யாரு உங்ககிட்ட இல்லைன்னு சொன்னது?” பள்ளிக்கூடம் நடத்துகிறவரிடம் அங்கீகாரம் இல்லை என்று சொன்னால் அவர் வேறு எதை நினைப்பார்! அரை மணி நேரம் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

இது என் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். விட முடியாதது வேறொன்று. ஆதென்டிகேஷன், ஆதரைசேஷன் இரண்டுக்குமே நம் மொழிபெயர்ப்புகளில் ‘அங்கீகாரம்’ வந்து உட்கார்ந்திருக்கிறது. முதலாவது ‘நீ யார்?’ என்ற கேள்வி. மற்றது ‘இதைச் செய்ய உனக்கு உரிமை உண்டா?’ என்ற கேள்வி. நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கும் குறை, முதல் கேள்வியோடு நின்றுவிடுவதால் வருவது. சில இடங்களில் அதையும் கேட்பதில்லை. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் குறையைத் தமிழில் சொல்லவே முடியாது. ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர் ஒருவர் அங்கீகாரமின்றி’ என்று எழுதிவிட்டு நானே அழித்திருக்கிறேன்.

‘உடைந்த’ என்பதும் எனக்கு ஒட்டவில்லை. உடைய வேண்டுமானால் முதலில் ஒன்று இருந்திருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளுக்கான எலிமென்டர் செருகுநிரலின் 3.6.0 முதல் 3.6.2 வரையான பதிப்புகளில் 2022இல் வெளிவந்த குறையைப் பாருங்கள். புதிதாக நிறுவியவர்களை வழிநடத்த ஒரு பகுதி சேர்த்தார்கள். அதில் ஜிப் கோப்பை ஏற்றி நிறுவும் வசதி இருந்தது. வந்த கோரிக்கையில் ‘நான்ஸ்’ குறி (கோரிக்கை தளத்தின் பக்கத்திலிருந்தே வந்ததா என்று காட்டுவது) சரியா என்று நிரல் பார்த்தது. அந்தக் குறியோ, உள்நுழைந்த எவருக்கும் நிர்வாகப் பக்கத்தின் மூலநிரலிலேயே கிடைத்தது. வந்தவருக்குச் செருகுநிரல் நிறுவும் உரிமை உண்டா என்று யாரும் பார்க்கவில்லை. வெறும் சந்தாதாரராகப் பதிந்தவரும் தன் கோப்பைச் சேவையகத்தில் ஓட்டிவிடலாம். 50 லட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இருந்த செருகுநிரல் அது, 3.6.3இல் சரிசெய்தார்கள். இங்கே எது உடைந்தது? வைக்கவே இல்லாத பூட்டு எப்படி உடையும்?

ஆங்கிலத்திலும் இந்தப் பெயர் ஒரே சீராக இருந்ததில்லை. வலைப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2013ஆம் ஆண்டு முக்கியக் குறைகள் பட்டியலில் இது இரண்டாகப் பிரிந்து 4ஆம் இடத்திலும் 7ஆம் இடத்திலும் இருந்தது. ஏழாவதன் பெயரில் ‘மிஸ்ஸிங்’ (இல்லாத) என்ற சொல் இருந்தது. 2017இல் இரண்டையும் ஒன்றாக்கி 5ஆம் இடத்தில் வைத்தபோது, 2004 பட்டியலில் இருந்த ‘புரோக்கன்’ (உடைந்த) திரும்பி வந்தது. 2021இல் அதுவே முதலிடத்துக்கு ஏறியது. மிஸ்ஸிங்கை விட்டு புரோக்கனை நாம் பிடித்துக்கொண்டோம்.

அடுத்து, ‘அணுகல்’. என் முக்கியமான மனத்தாங்கல் இதன்மேல்தான். அணுகல் என்றால் கிட்டே போவது, நுழைவது. வாசற்படியிலேயே மனம் நின்றுவிடுகிறது. நடந்த கேடுகளைப் பார்த்தால் வாசலில் ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் உள்ளே செய்த செயலால் வந்தவை. 2018 நவம்பரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இருந்த டபிள்யூபி ஜிடிபிஆர் கம்ப்ளையன்ஸ் செருகுநிரலை எடுத்துக்கொள்ளுங்கள். தனியுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டு நடக்க உதவுவதற்கென்றே எழுதியது. 1.4.2 வரை, உள்நுழையாத ஒருவரும் அதன் வழியாகத் தளத்தின் அமைப்புகளை மாற்ற முடிந்தது. தாக்கியவர்களில் பலர் செய்தது இரண்டே மாற்றம்: யாரும் பதிவுசெய்யலாம், பதிவுசெய்பவர் நிர்வாகி. பிறகு ராஜபாட்டையில் வந்து கணக்குத் தொடங்கினார்கள். வேலி பயிரை மேயவில்லை என்றாலும் மாட்டைக் கூப்பிட்டு உள்ளே விட்டது.

2020 பிப்ரவரியில் தீம்கிரில் டெமோ இம்போர்ட்டர் செருகுநிரலில் நடந்தது இதைவிட மோசம். யார் என்றே தெரியாத ஒருவர் ஒரு முகவரியைத் தட்டினால் தரவுத்தளம் முழுவதும் துடைக்கப்பட்டு, தளம் பிறந்த மேனிக்குப் போய்விடும். ‘அட்மின்’ என்ற பெயரில் பயனர் இருந்தால், துடைத்தவரை அந்தப் பெயரிலேயே உள்நுழைத்தும் விடும். இதை ‘அணுகல் கோளாறு’ என்று ஒரு கடைக்காரரிடம் சொன்னால், தளம் திறக்கவில்லை போல என்று நினைப்பார்.

இந்தத் தவறு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல் அங்கிருந்துதான் பிறக்க வேண்டும். வேர்ட்பிரஸில் ‘இஸ் அட்மின்’ என்று ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) உண்டு. பெயரைப் பார்த்தால் வந்தவர் நிர்வாகியா என்று கேட்பது போலிருக்கும். அது கேட்பது, இப்போது ஓடுவது நிர்வாகப் பகுதிப் பக்கமா என்பதை மட்டும். கல்யாண மண்டபத்தில் சமையற்கட்டு வாசலில் நின்று ‘இது சமையற்கட்டுதானே?’ என்று கேட்டு, ஆமாம் என்றதும் உள்ளே நிற்பவரெல்லாம் சமையல்காரர் என்று முடிவுகட்டுவது மாதிரி. அதிலும் பின்னணிக் கோரிக்கைகளை வாங்கும் ‘அட்மின் அஜாக்ஸ்’ கோப்பு உள்நுழையாதவருக்கும் திறந்தது, ஆனால் நிர்வாகப் பகுதியாகவே கணக்காகும். நிர்வாகப் பகுதி தொடங்கும்போது செருகுநிரல்களின் நிரலை ஓட்டும் ‘அட்மின் இனிட்’ கொக்கியும் (ஹூக்) அங்கே ஓடும். தீம்கிரில் மாட்டியது அந்தக் கொக்கியில்தான். மண்டபத்தில் வேட்டி கட்டிய எவரும் ஸ்டோர் ரூமுக்குள் போய்வரலாம். மாப்பிள்ளை வீட்டார் என்று பெண் வீட்டாரும், பெண் வீட்டார் என்று மாப்பிள்ளை வீட்டாரும் நினைத்துக்கொள்வார்கள். ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

ஆக, குறை என்பது கேளாதது, பாராதது. இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை இந்தக் கண்ணோடு பார்த்தேன்.

‘அத்துமீறல்’ அருமையான சொல். ஆனால் அது தாக்குபவர் செய்வது. நிரலில் இருக்கும் குறைக்குப் பெயராகாது. திருட்டும் பூட்டாத கதவும் ஒன்றல்ல.

‘உரிமை தேராமை’ – ஐயாவின் இன்னொரு பரிந்துரை. தேர்தல் என்றால் ஆராய்தல், பொருள் கச்சிதம். எனக்கு ஆசையும்கூட. ஆனால் பத்தில் ஒன்பது பேர் ‘தேறாமை’ என்று படித்து, ஏதோ பெயிலாகிவிட்டது என்பார்கள்.

‘தகுதி பாராமை’ – தகுதி என்றாலே இங்கே நுழைவுத்தேர்வுச் சண்டை வந்துவிடும். வேண்டாம்.

‘உரிமை கேளாமை’ – நானே எழுதிப் பார்த்தது. வீட்டில் சத்தமாகப் படித்தேன். மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது, எந்த ஊர்வலத்துக்கு என்றார்கள்.

கடைசியில் வந்து நின்றது ‘செயலுரிமை’. ஆதரைசேஷன் வழங்குவது ஒரு செயலைச் செய்யும் உரிமை. வேர்ட்பிரஸ் ‘கேப்பபிலிட்டி’ என்பதும் அதுவே. அதைச் சோதிப்பது ‘செயலுரிமைச் சோதனை’. சோதிக்காமல் விடும் குறை ‘செயலுரிமை பாராமை’. ‘டிக்கெட் பார்த்தாங்களா?’ என்கிறோமே, அந்தப் ‘பார்’. சோதித்தும் தப்பாகச் சோதித்தால் ‘செயலுரிமைப் பிழை’. மைட்டர் நிறுவனத்தின் மென்பொருள் குறைப் பட்டியலில் 862, 863 என்று இரண்டு எண்கள் தனித்தனியே இருக்கின்றன. அவற்றுக்கு நேராக இவை உட்காரும். ஆதென்டிகேஷனுக்கு ‘ஆளறிதல்’ போதும் என்பது என் எண்ணம். அதற்குத் தனி இழை திறக்கலாம்.

———

அண்ணா, வணக்கம். நான் செருகுநிரல் எழுதிப் பிழைப்பவள், எனவே எழுதுகிறவர் பக்கத்திலிருந்து இரண்டு சந்தேகம்.

ஒன்று: முகவரியில் 101ஐ 102 ஆக்கினால் அடுத்தவர் ரசீது திறக்கிறது. இதில் செயல் எங்கே? பார்க்கத்தானே செய்கிறார்?

இரண்டு: 2024 நவம்பரில் ரியலி சிம்பிள் செக்யூரிட்டி செருகுநிரலில் வந்த குறை. 40 லட்சம் தளம், 9.0.0 முதல் 9.1.1.1 வரை. இருபடி உள்நுழைவை இயக்கியிருந்தால் கடவுச்சொல்லே இல்லாமல் நிர்வாகியாக உள்ளே போகலாம். பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டே சாவியானது. அதுவும் ‘செயலுரிமை பாராமை’யா?

இன்னொன்று, ஒரு தகவலாக. வேர்ட்பிரஸ் 5.5இலிருந்து, ரெஸ்ட் வழித்தடம் (பிற நிரல்கள் தளத்தோடு பேசும் முகவரி) பதியும்போது, உரிமையைச் சோதிக்கும் ‘பர்மிஷன் கால்பேக்’ தராவிட்டால் எச்சரிக்கை காட்டும். எல்லாருக்கும் திறந்ததென்றால் ‘ரிட்டர்ன் ட்ரூ’ (யார் கேட்டாலும் ‘ஆம்’) என்று வெளிப்படையாக எழுது என்பார்கள். எச்சரிக்கை தொலையட்டும் என்று யோசிக்காமல் அதை ஒட்டிவிட்டுப் போன நிரல்களை மறு ஆய்வில் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். அதற்கு ‘பாராமை’ பொருந்தும், ‘பார்த்தும் பாராமை’ இன்னும் பொருந்தும்!

———

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். அது செயலுரிமை பாராமை இல்லை. இரண்டாம் படிச் சோதனை தோற்றது என்று ஒரு செயற்கூறு பதில் தந்தது, அழைத்த நிரல் அந்தப் பதிலைக் கண்டுகொள்ளாமல் அந்தப் பயனராகவே உள்நுழைத்துவிட்டது. ‘நீ யார்?’ என்ற கேள்வியிலேயே ஏமாந்தது, ஆளறிதல் குறை. ‘அங்கீகாரமின்மை’யில் இது எலிமென்டரோடு ஒரே குவியலாகியிருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிகிறதே, எனக்கு அதுதான் வேண்டும்.

ரசீதைப் பற்றி: வேர்ட்பிரஸே ‘ரீட்’ என்பதை ஒரு கேப்பபிலிட்டியாகத்தான் வைத்திருக்கிறது. பிறர் கடிதத்தைப் படிப்பதும் செயல்தான், அடி வாங்கும் செயல். ஆனால் உங்கள் தயக்கம் புரிகிறது. கலைக்களஞ்சியப் பதிவில் ‘பார்த்தல், மாற்றல், நீக்கல் எல்லாம் செயலே’ என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.

நான்ஸ் பற்றியும் அங்கே ஒரு வரி வேண்டும். அதைச் செயலுரிமைக்குச் சான்றாக நம்பக் கூடாது என்று வேர்ட்பிரஸ் ஆவணமே சொல்கிறது. தமிழில் அதை ‘பாதுகாப்புக் குறி’ என்று எழுதி நாமும் கொஞ்சம் குழப்பியிருக்கிறோம்.

———

அன்பர்களே,

அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தேராமையை விட மனம் வரவில்லை. இருந்தாலும் ர, ற பற்றிய அச்சம் நியாயமே.

‘செயலுரிமை பாராமை’ இரண்டாம் வேற்றுமைத்தொகை. ஒற்று மிகாது. ‘செயலுரிமைப் பிழை’யில் மிகும். பதிவேற்றும்போது இதை மாற்றிப் போட்டால் சிவப்பு மையோடு வருவேன்.