ஒரே லைட்டு, ரெண்டு லேயர்: சிம்பல் டேட்டாவை இணைச்ச அனுபவங்கள்

(மேடை லைட்டுக்கும் செட்டுக்கும் கம்ப்யூட்டர்ல வரைபடம் போடற சில பேரு ஒருத்தருக்கு அடுத்து ஒருத்தரா எழுதினது.) பூம்ல, அதாவது மேடை ஓரத்துல நிக்கற செங்குத்துக் குழாய்ல, மாட்டுற சைடு லைட்டை பிளான்ல (மேலருந்து பாக்கற வரைபடத்துல) வரைஞ்ச எல்லாருக்கும் இந்தத் தலைவலி தெரிஞ்சிருக்கும். ஒரே செங்குத்துக் குழாய்ல கீழ ஷின், நடுவுல மிட், மேல ஹெட்னு அடுக்கடுக்கா லைட்டு, மேலருந்து பாத்தா எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கிடக்கும், ஒரு சேனல் நம்பர்கூட (லைட்டு போர்டுல அந்த லைட்டைக் கூப்பிடற நம்பர்) படிக்க முடியாது. அதனால பூமை மட்டும் தனியா இன்னொரு லேயர்ல (ஃபைலுக்குள்ள தனி அடுக்குல) முன்பக்கப் பார்வையா வரைஞ்சு, சிம்பலை (லைட்டைக் குறிக்கற படத்தை) காப்பி எடுத்து அதுல ஒட்டிருவாங்க. பேப்பர்ல பாக்க சுத்தமா இருக்கும். ஆனா ஃபைலுக்குள்ள இப்ப ஒரே லைட்டு ரெண்டு தடவ இருக்கு, ஒண்ணுல நம்பர் மாத்தினா இன்னொண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஒரு டான்ஸ் ஷோவுக்கு வேற ஒருத்தர் வரைஞ்ச வெக்டர்வொர்க்ஸ் (வரைபட சாஃப்ட்வேர்) ஃபைல் என் கைக்கு வந்துச்சு, அதுல இதுதான் நடந்திருந்துச்சு. பிளான் லேயர்ல ரெண்டாவது விங் (மேடையோட பக்கவாட்டு வழி) ஷின் சேனல் 43, பூம் லேயர்ல அதே லைட்டு 53, எங்கயோ நடுவுல ஒரு தடவ ரீநம்பர் பண்ணிருக்காங்க, பிளான்ல மட்டும். எலக்ட்ரீஷியன் பூம் ஷீட்டைப் பாத்து கேபிள் இழுக்கறாரு, போர்டுல உக்காந்திருக்கறவரு பிளான்லருந்து வந்த ஹூக்கப்பை (சேனல் வாரியான லைட்டு லிஸ்ட்டை) பாத்து பேட்ச் பண்றாரு (சேனலை லைட்டோட இணைக்கறாரு), ரெண்டு பேரும் அவங்கவங்க பேப்பர்படி சரியாத்தான் பண்றாங்க. ஃபோகஸுக்கு (லைட்டைச் சரியான இடத்துக்குத் திருப்பி வெக்க) 43ஐ கூப்பிட்டா மூணாவது விங்ல ஹெட் எரியுது. ஏணியில ஏறி நிக்கற பையன் நம்மளையே பாக்கறான். அந்த நேரத்துல யாரு மேலயும் கோபப்பட முடியாது, டேட்டா ரெண்டு இடத்துல வாழ்ந்தா இப்படித்தான் ஆகும்.

அப்பறம் ஃபைலைப் பிரிச்சு வெச்சு பூம் லேயர்ல இருந்த காப்பி எல்லாத்தையும் தூக்கிட்டு, வெக்டர்வொர்க்ஸ் 2019ல வந்த ஸ்கீமாட்டிக் வியூவை வெச்சு பூமை எடுத்தேன். இது காப்பி கிடையாது, அதே லைட்டோட இன்னொரு பார்வை. ஸ்கீமாட்டிக்ல சேனலை மாத்தினா மாடல்ல மாறும், மாடல்ல மாத்தினா ஸ்கீமாட்டிக்ல மாறும். வொர்க்ஷீட்ல (ஃபைலுக்குள்ளயே இருக்கற டேபிள்ல) எண்ணிக்கையும் டபுளா வராது, இது ரொம்ப முக்கியம், ஏன்னா வாடகைக்கு லைட்டு ஆர்டர் போடறது அந்த எண்ணிக்கையை வெச்சுத்தானே. பழைய வெர்ஷன் வெச்சிருக்கறவங்க பூம் காப்பியை எல்லாம் ஒரே லேயர்ல அடைச்சு, வொர்க்ஷீட் கண்டிஷன்ல அந்த லேயரை ஒதுக்கிருங்க, எண்ணிக்கையாவது சரியா வரும். நம்பர் ஒத்துப்போகுதான்னு கண்ணால பாத்துக்கணும்.

—

மேல சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். சிம்பல்னா உருவமும் டேட்டாவும் ஒண்ணா சேந்து நடக்கும்னு நெறைய பேரு நெனச்சுக்கறாங்க, அப்படி இல்ல. டெஃபனிஷன்ல (சிம்பலோட மூல வடிவத்துல) போயி வரைஞ்ச கோட்டை மாத்தினா எந்த லேயர்ல இருந்தாலும் எல்லா இடத்துலயும் உருவம் மாறிரும். ஆனா டெஃபனிஷனோட ரெக்கார்டுல (அதோட டேட்டா ஃபீல்டுகள்ல) டீஃபால்ட் மதிப்பை மாத்தினா, இனிமே புதுசா வைக்கறதுக்கு மட்டும்தான் அது வரும், ஏற்கனவே வரைபடத்துல உக்காந்திருக்கறது பழைய மதிப்போடயே இருக்கும். ஆட்டோகேட்னு இன்னொரு வரைபட சாஃப்ட்வேர்ல, சிம்பல் மாதிரி இருக்கற பிளாக்கோட அட்ரிபியூட்லயும் (டேட்டா ஃபீல்டுலயும்) இதே கதைதான், சிங்க் பண்ணாக்கூட டேக்கோட அமைப்புதான் மாறும், ஏற்கனவே எழுதின மதிப்பு மாறாது.

எங்க செட் டிராயிங்ல பிளாட்டுக்கு (செட்டோட சுவர்ப் பலகைக்கு) எல்லாம் எடை ஒரு ஃபீல்டா இருந்துச்சு. மரச்சட்டத்தை ஸ்டீலுக்கு மாத்தினதும் சிம்பல் உருவம் எல்லாத்துலயும் அழகா மாறிருச்சு, பறக்கற பார் (மேலருந்து தொங்கி ஏறி இறங்கற குழாய்) லேயர்ல இருந்த பிளாட்டுல எடை மட்டும் அப்படியே மரக் கணக்குல நின்னுச்சு. கவுண்டர்வெயிட் (பாருக்கு எதிர் எடை) போடற ஆளு லைன்செட் ஷெட்யூலை (எந்த பார்ல எவ்வளவு எடைங்கற லிஸ்ட்டை) பாத்து வெயிட் ஏத்தறவரு, அதுல தப்பு நம்பர் இருந்தா எவ்வளவு ஆபத்துன்னு சொல்லத் தேவையில்ல. நல்லவேளை லோடிங்குக்கு முன்னாடியே ஃப்ளை ஆளு (பாரை ஏத்தி இறக்கறவரு), என்ன இவ்வளவு லேசா இருக்குன்னு கேட்டுட்டாரு, அந்த மனுஷனுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். இப்ப என்ன பண்றேன்னா வொர்க்ஷீட்ல டேட்டாபேஸ் வரிசை போட்டு, எல்லா லேயர்லயும் இருக்கற அந்தச் சிம்பலை ஒரே டேபிள்ல கொண்டாந்து அங்கயே செல்லுல மாத்தறேன். செல்லுல எழுதறது நேரா அந்தந்தப் பொருளோட ரெக்கார்டுக்குப் போயிரும், லேயர் லேயரா தொறந்து தேட வேண்டியதில்ல. விட்டுப்போனது எதுவும் இருந்தா அந்த டேபிள்லயே பளிச்சுனு தெரியும்.

—

லைட்ரைட் (லைட்டு லிஸ்ட்டைப் பராமரிக்கற சாஃப்ட்வேர்) யூஸ் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. வெக்டர்வொர்க்ஸும் லைட்ரைட்டும் டிராயிங் பக்கத்துல இருக்கற ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் வழியா பேசிக்குது, ஒவ்வொரு லைட்டையும் அடையாளம் கண்டுக்கறது அதோட யுஐடியை (அதுக்கே உரிய அடையாளக் குறியை) வெச்சு. சேனலை வெச்சும் இல்ல, எந்த லேயர்ங்கறதை வெச்சும் இல்ல. அதனால ஒரு லைட்டை வேற லேயருக்கு நகத்தினா ஒண்ணும் ஆகாது, அடையாளம் அப்படியே இருக்கும். ஆனா அழிச்சுட்டு அதே இடத்துல புதுசா ஒண்ணு வெச்சீங்கன்னா அது புது ஆளு, நம்ம கண்ணுக்கு அதே லைட்டு, லைட்ரைட்டுக்கு ஒருத்தர் செத்துட்டாரு இன்னொருத்தர் பொறந்துட்டாரு.

என்னோட அசிஸ்டென்ட் தம்பி ஒருத்தன் 26 டிகிரி (ஒளி விரியற கோணம்) லைட்டு எல்லாத்தையும் 36 ஆக்கணும்னதும் அழிச்சு வைக்க ஆரம்பிச்சான், கையைப் பிடிச்சு நிறுத்திட்டேன். அதுக்குன்னு ரீப்ளேஸ் கமாண்ட் இருக்கு தம்பி, சிம்பல் மட்டும் மாறும், சேனல், கலர், அட்ரஸ் எல்லாம் அதே இடத்துல நிக்கும்னு காட்டினேன். பத்து நிமிஷத்துல முடிஞ்சுது, லைட்ரைட் பக்கம் ஒரு சேனல் நம்பர்கூட அசையல.

பொசிஷன் (லைட்டு தொங்கற பார், பூம் மாதிரி இடம்) பேரும் அப்படித்தான். கையால டைப் பண்ணாதீங்க, ஒரு லேயர்ல இடைவெளி விட்டு ஒருத்தர் எழுதுவாரு, இன்னொரு லேயர்ல ஒட்டி எழுதுவாரு, ஷெட்யூல்ல ஒரே பார் ரெண்டு பாரா பிரிஞ்சு நிக்கும். பாரை ஹேங்கிங் பொசிஷனா மாத்தி லைட்டை அதுல மாட்டிருங்க, பேரை அதுவே எடுத்துக்கும்.

—

மொதல்ல எழுதினவருக்கு ஒரு கேள்வி. பிளானும் செக்ஷனும் (பக்கவாட்டு வெட்டுப் பார்வை) ஒரே லைட்டைத்தான் காட்டுது, ஆனா டைரக்டருக்கு நம்பரே வேண்டாம், எலக்ட்ரீஷியனுக்கு எல்லாமே வேணும். இதுக்கும் நீங்க தனித்தனி லேயர் வெச்சுக்கறீங்களா?

—

மொதல்ல எழுதினவன் நான்தான். இல்லங்க, லைட்டு ஒரே லேயர்லதான். ஷீட்ல ரெண்டு வியூபோர்ட் (வரைபடத்தைக் காட்டற ஜன்னல்), நம்பரைக் காட்டற டேட்டா டேக்கை எல்லாம் ஒரு தனி கிளாஸ்ல போட்டுருவேன், டைரக்டர் ஷீட்ல அந்தக் கிளாஸ் ஆஃப், எலக்ட்ரீஷியன் ஷீட்ல ஆன். டேக் நம்பரை லைட்டுலருந்து படிக்குதே தவிர தன்கிட்ட எதையும் வெச்சுக்கறதில்ல, அதனால ரெண்டு ஷீட்டும் எப்பவும் ஒரே நம்பரைத்தான் சொல்லும். எங்க தொங்குதுங்கறது லேயர், என்ன பொருள்ங்கறது கிளாஸ், இதை ஆரம்பத்துலயே பிரிச்சு வெச்சுட்டா மத்ததெல்லாம் தானா வந்துரும். அளவு மட்டும் பாத்துக்கங்க, பிளான் 1:50ல போட்டு பூமை 1:25ல போட்டீங்கன்னா பூம் ஷீட்ல எழுத்து சைஸ் சரியா வருதான்னு ஒரு டெஸ்ட் பிரிண்ட் எடுத்துப் பாத்துட்டு அனுப்புங்க.