மலாய் பேச வருகிறது, எழுத வரவில்லை

சிப்புட் தம்பி:
மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் 6 வருடம், இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் 1. கடையில், பஸ்ஸில் எல்லாம் மலாய் பேசிவிடுகிறேன், கட்டுரை என்றால் மட்டும் தாள் முழுக்கச் சிவப்பு மை. நேற்று 'மெம்துலிஸ்' என்று எழுதி வகுப்பே சிரித்தது. எங்கிருந்து தொடங்குவது?

பால்மரம்:
தம்பி, முன்னொட்டை முதலில் பிடி. வினைச்சொல்லுக்கு முன்னால் 'மெ' சேரும்போது துலிஸ் (எழுது) மெனுலிஸ் ஆகும், புக்குல் (அடி) மெமுக்குல் ஆகும், சாப்பு (பெருக்கு) மெஞாப்பு ஆகும், சொல்லின் முதல் மெய் விழுந்துவிடும். ஆனால் பாச்சா (வாசி) மெம்பாச்சாதான், அந்த மெல்லிய 'ப' (b) விழாது, புக்குலின் 'ப' (p) தான் விழும். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் ரூமியிலேயே, அதாவது மலாய்க்கான ஆங்கில எழுத்திலேயே, எழுதிப் பழகு. நானும் இதில்தான் மாட்டினேன்.

தாமான் அக்கா:
பயப்படாதே தம்பி. மலாயில் வினைச்சொல் காலத்துக்கு மாறாது, சூடா (முடிந்தது), செடாங் (நடக்கிறது), ஆகான் (இனி நடக்கும்) முன்னால் போட்டால் போதும், தமிழ் படிக்கிற மலாய்ப் பிள்ளைக்கு இந்தச் சலுகை ஏது! கெடாய், காத்தில், காப்பால் எல்லாம் நம் கடை, கட்டில், கப்பல்தான். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் சான்றிதழுக்கு மலாய் கட்டாயம் தேற வேண்டும், அதனால் தினம் 5 வரியாவது எழுது.

சிப்புட் தம்பி:
நன்றி அக்கா, அண்ணே. இன்றைக்கு ராத்திரியே 5 வரி.