உப்புக் காற்றுக்கும் போர் தண்ணீருக்கும் தாங்கும் ஹோஸ் நாசில் எது? இறுகிப்போனதைக் கழற்றுவது எப்படி?

தங்கச்சிமடம் நாற்று:

வணக்கம். தங்கச்சிமடத்தில் மல்லிகைக் குச்சி ஊன்றி நாற்று வளர்த்து விற்கிறோம். வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். தண்ணீர் ஊற்ற அரை இஞ்சு ஹோஸ். அதன் முனையில் மாட்டும் நாசில் எதுவும் எங்களிடம் நிலைப்பதில்லை.

இப்போது கையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, கையால் அழுத்துகிற ஸ்ப்ரே கன். அழுத்தினால் பாதியில் நின்றுவிடுகிறது, விட்டால் திரும்பி வருவதில்லை, எந்நேரமும் சொட்டுகிறது. கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. இன்னொன்று, திருகினால் தண்ணீர் கூடிக் குறையும் பித்தளை நாசில். அது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஹோஸ் பக்கம் இருக்கும் வெள்ளி நிற நட்டோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு ஆள் பிடித்தும் அசையவில்லை.

தண்ணீர் போர் தண்ணீர். ஆர்.ஓ. மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்ததில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 2000-க்கு மேல் காட்டியது. மாடித் தொட்டியிலிருந்து விடுவோம், அவசரத்துக்கு அரை எச்.பி. மோட்டாரை நேராக ஹோஸில் கொடுத்துவிடுவோம். அப்படிக் கொடுக்கும்போது வேகத்தில் பாக்கெட் மண் பறந்து குச்சி சாய்ந்துவிடுகிறது. விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும். என்ன வாங்கலாம்?

கீழக்கரை ஹார்ட்வேர்:

தம்பி, புதிதாக வாங்குவதற்கு முன்னால் கையில் இருப்பது என்ன உலோகம் என்று பாருங்கள். ஸ்ப்ரே கன்னின் கழுத்தில், கண்ணில் படாத இடத்தில், சின்ன அரத்தால் லேசாக ஒரு கீறு போடுங்கள். உள்ளே மஞ்சளாக இருந்தால் பித்தளை. மேலே பளபளப்பு, உள்ளே மங்கிய சாம்பல் நிறம் என்றால் அது துத்தநாகக் கலவையில் வார்த்து குரோம் பூசியது. கையில் எடுத்தால் கிட்டத்தட்ட பித்தளை மாதிரியே கனக்கும். அதனால்தான் கையில் தூக்கிப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். காந்தமும் இங்கே உதவாது, இரண்டிலுமே ஒட்டாது.

அப்புறம் நிறம். வெள்ளைப் பொடி பூத்தால் பெரும்பாலும் துத்தநாகமோ அலுமினியமோ அரிக்கிறது என்று அர்த்தம். பச்சை என்றால் செம்போ பித்தளையோ. அது பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும், பயப்பட வேண்டாம். பழுப்பு என்றால் உள்ளே எங்கேயோ இரும்பு இருக்கிறது, பெரும்பாலும் ஸ்பிரிங். பித்தளையில் அங்கங்கே செம்பு மாதிரி இளஞ்சிவப்புத் திட்டு வந்தால்தான் உஷாராக வேண்டும். துத்தநாகம் கரைந்து வெளியேறி வெறும் செம்பு சல்லடையாக மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் இறுக்கினால் பொட்டென்று உடைந்துவிடும்.

தங்கச்சிமடம் நாற்று:

காக்கா (அண்ணே), கீறிப் பார்த்தேன். சாம்பல் நிறம்தான். ஸ்பிரிங் பழுப்பாகி, தொட்டால் உதிர்கிறது. பித்தளை நாசிலில் சிவப்புத் திட்டு எதுவும் இல்லை. ஒட்டிக்கொண்ட அந்த வெள்ளி நிற நட்டு ரொம்ப இலேசாக இருக்கிறது. அலுமினியமாக இருக்குமோ?

மண்டபம் படகுப் பட்டறை:

அலுமினியமேதான் தம்பி, சந்தேகமே வேண்டாம். இதைத்தான் நாங்கள் தினமும் படகில் பார்க்கிறோம். இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருந்து நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் அது ஒரு பேட்டரி. பித்தளையும் அலுமினியமும் சேர்ந்தால் கரைவது எப்போதும் அலுமினியம். கரைந்தது வெள்ளைப் பொடியாகி மரைக்குள் அடைந்து ஊதிக்கொள்ளும். அதனால்தான் வெல்டிங் வைத்த மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் நாசில் கெட்டுப்போகவில்லை, அதற்குக் கிடைத்த கூட்டாளி சரியில்லை.

கழற்றும் வழி சொல்கிறேன். முதலில் ஒரு ராத்திரி முழுக்க மரையில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் ஹோஸை எடுத்துவிட்டு நட்டின் மேல் மட்டும் கொதிநீர் ஊற்றுங்கள். பித்தளையைவிட அலுமினியம் சூட்டுக்கு அதிகம் விரியும். நட்டு வெளியே இருப்பதால் இது உங்களுக்குச் சாதகம். சூடு ஆறுவதற்குள் ஒரு ஸ்பேனரால் நாசிலைப் பிடித்து, இன்னொன்றால் நட்டைத் திருப்புங்கள். ஒரேயடியாக இழுக்காமல் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும்.

அப்படியும் வரவில்லை என்றால் நட்டைத் தியாகம் செய்துவிடுங்கள். ஹேக்சா பிளேடால் நட்டின் நீளவாக்கில் ஒரு வெட்டு. பித்தளை மரை தெரிவதற்கு ஒரு நூலிழை முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும், அதில்தான் கவனம். அந்த வெட்டில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை விட்டு ஒரு முறுக்கு முறுக்கினால் நட்டு படக்கென்று பிளந்துகொள்ளும். மரையை பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் வினிகரும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும்.

அதன்பிறகு குழாயிலிருந்து முனை வரைக்கும் ஒரே உலோகம். பித்தளை டேப், பித்தளை ஹோஸ் காலர், பித்தளை நாசில். இல்லையென்றால் நடுவில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு வையுங்கள், இரண்டு உலோகமும் தொடாமல் பிரித்துவிடும். இந்தப் பக்கத்துக் காற்றைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பைச் சோதிப்பதற்கென்றே எங்கள் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. இங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும்.

தேவிபட்டினம் வாசகர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பித்தளைக்குப் பதில் எஸ்.எஸ். நாசில் வாங்கினால் பிரச்சினையே இல்லையே? புதிய பாம்பன் பாலத்தில்கூட துருப்பிடிக்காத எஃகுதானே போட்டிருக்கிறார்கள்?

மண்டபம் படகுப் பட்டறை:

பாலத்தில் போட்டிருப்பது உண்மைதான். 1914-இல் திறந்த பழைய பாலம் உப்புக் காற்றில் பட்ட பாட்டைப் பார்த்துத்தான், 2025 ஏப்ரலில் திறந்த புதியதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பெயின்ட்டும் போட்டார்கள். ஆனால் கடையில் எஸ்.எஸ். என்று சொல்லித் தருவது பெரும்பாலும் 304 என்கிற ரகம், இல்லையென்றால் அதற்கும் கீழ். 304 கடலோரத்தில் முதலில் டீக்கறை மாதிரி பழுப்பாகும், பிறகு ஊசிக் குத்து மாதிரி குழி விழும். மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்ந்த 316 என்றால் நம்பி வாங்கலாம். ஆனால் அந்த ரகத்தில் தோட்ட நாசில் தேடி அலைவதைவிட, நல்ல கனமான பித்தளை கைக்கு எட்டும். ஸ்பிரிங் மட்டும் எஸ்.எஸ்.ஸாக இருக்கட்டும்.

உச்சிப்புளித் தோட்டம்:

தம்பி, உலோகம் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஆனால் நாற்றுக்கு நீங்கள் பயன்படுத்துகிற நாசிலே பொருந்தாது என்பது என் எண்ணம். திருகும் பித்தளை நாசில் வண்டி கழுவ, தென்னை மட்டைக்கு மேலே பீய்ச்ச நல்லது. வேர் பிடிக்காத குச்சிக்குப் பூவாளித் தலைதான் வேண்டும். நிறையச் சின்ன ஓட்டை, தண்ணீர் பரவலாக இறங்கும், மண் பறக்காது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தொட்டித் தண்ணீருக்கு அழுத்தம் ரொம்பக் குறைவு. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தின் அளவு). உங்கள் மாடித் தொட்டி நான்கு மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.4 பார், அதிலும் நீள ஹோஸில் ஓடி வரும்போது பாதி போய்விடும். ஸ்ப்ரே கன்னுக்கு அது போதாது. பூவாளித் தலைக்குத் தாராளம்.

எங்களிடம் இருப்பது கறுப்புப் பிளாஸ்டிக் தலை, பின்னால் ஒரு பித்தளை பால் வால்வு (உள்ளே உருண்டை வைத்து, கைப்பிடியால் திருப்பி மூடுவது). ஸ்பிரிங்கே கிடையாது, அதனால் துருப்பிடிக்க எதுவும் இல்லை. பிளாஸ்டிக் என்றால் கறுப்பாகப் பார்த்து வாங்குங்கள். அதில் கலந்திருக்கும் கரி வெயிலைத் தாங்கிக்கொள்ளும். சிவப்பு, மஞ்சள் எல்லாம் நம் வெயிலில் வெளிறி, ஒருநாள் கீழே விழும்போது தெறித்துவிடும். தலையின் முகம் திருகிக் கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டும், ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். போர் தண்ணீரில் மணல் வரும், உப்புப் பொருக்கும் கட்டும், திறந்து சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

ஓட்டை அடைத்தால் குண்டூசியால் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகி அந்த இடத்தில் மட்டும் பீய்ச்சும். எலுமிச்சை உப்பு ஒரு ஸ்பூன், வெந்நீர் ஒரு டம்ளர், அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தால் பொருக்கு கரைந்துவிடும். பித்தளைக்கும் இதே கணக்குதான், ராத்திரி முழுக்கப் போட்டு வைக்கக் கூடாது. துத்தநாகக் கலவைக்குப் புளிப்பே ஆகாது, அதையே தின்றுவிடும்.

தினமும் செய்ய வேண்டியது ஒன்றுதான். வேலை முடிந்ததும் டேப்பை மூடி, நாசிலைத் திறந்து, உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஒரு சொம்பு உப்பில்லாத காவிரிக் குடிநீரில் அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். காவிரித் தண்ணீரின் அருமை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அரிசி கழுவிய தண்ணீராக இருந்தாலும் போதும். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் வெளியே கிடக்கும் நாசில் மேல் தண்ணீரே படாவிட்டாலும் உப்புப் படியும், அதனால் வெளியே விட்டுவைக்காதீர்கள்.

ராமநாதபுரம் மோட்டார் மெக்கானிக்:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை, அதுதான் ஆபத்தானது. மோட்டாரை நேராக ஹோஸில் கொடுத்துவிட்டு முனையில் நாசிலை மூடக் கூடாது. தண்ணீர் போக வழியில்லாமல் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடாகும், சீல் போய்விடும். அதற்கு முன்னால் ஹோஸ் கிளிப்பு பிடுங்கிக்கொண்டு அடிக்கும். பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் காயம் படும்.

மோட்டார் வாயில் T வடிவ இணைப்பு (டீ) ஒன்று போட்டு, ஒரு கிளையைத் திரும்பத் தொட்டிக்கே விடுங்கள். அதில் ஒரு பால் வால்வு வைத்துக் கொஞ்சம் திறந்தே வைத்தால், நீங்கள் நாசிலை மூடினாலும் தண்ணீர் அந்த வழியே திரும்பிவிடும். வேகத்தையும் அங்கேயே கூட்டிக் குறைக்கலாம், மண் பறக்காது. அதற்கும் இடமில்லை என்றால் மோட்டாரால் தொட்டியை நிரப்பிக்கொண்டு தொட்டியிலிருந்து விடுவதே நல்லது.

கிளிப்பு வாங்கும்போது காந்தம் எடுத்துப் போங்கள். பட்டை எஸ்.எஸ்.ஸாக இருக்கும், திருகு மட்டும் இரும்பில் முலாம் பூசியதாக இருக்கும். முதலில் போவது அந்தத் திருகுதான். திருகில் காந்தம் பலமாக ஒட்டினால் வேண்டாம்.

தொண்டி வாசகி:

எனக்கும் ஒரு சந்தேகம். அமெரிக்காவிலிருந்து அக்கா மகன் நல்ல பித்தளை நாசில் கொண்டுவந்து கொடுத்தான். முக்கால் இஞ்சு என்றுதான் போட்டிருக்கிறது, இங்கே முக்கால் இஞ்சு டேப்பில் ஒரு சுற்று ஏறி நின்றுவிடுகிறது. வாஷர் மாற்றினால் சரியாகுமா?

கீழக்கரை ஹார்ட்வேர்:

ஆகாதும்மா. அளவின் பெயர் ஒன்று, மரை வேறு. அமெரிக்க ஹோஸ் மரை இஞ்சுக்கு பதினொன்றரைப் பல், நம் ஊர் முக்கால் இஞ்சுக் குழாய் மரை 14 பல். பலவந்தமாக ஏற்றினால் இரண்டும் வீணாகும். அந்த மரைக்கென்று மாற்று இணைப்பு தனியாகக் கிடைக்கும், அதை வாங்கி நடுவில் போட்டுக்கொள்ளுங்கள்.

வாஷர் பற்றி எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தினமும் கழற்றி மாட்டுகிற இடத்தில் டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள், அது ஒருமுறை பூட்டி விட்டுவிடுகிற மரைக்கு. இங்கே தண்ணீரை நிறுத்துவது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான். தட்டையாக நசுங்கி, விரலால் மடக்கினால் வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். நாசிலுக்குள் இருக்கும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு போதும். வண்டி கிரீஸோ வாஸ்லினோ தடவினால் அந்த வளையம் ஈ.பி.டி.எம். வகை ரப்பராக இருந்தால் ஊறிப் பெருத்துவிடும், அப்புறம் திருகவே வராது.

தங்கச்சிமடம் நாற்று:

எல்லோருக்கும் நன்றி. எண்ணெய் விட்டு, கொதிநீர் ஊற்றியும் நட்டு கேட்கவில்லை. பட்டறை அண்ணன் சொன்ன மாதிரி ஹேக்சாவால் வெட்டிப் பிளந்துதான் எடுத்தோம். பித்தளை மரையில் ஒரு கீறல்கூட இல்லை. பித்தளை ஹோஸ் காலர் வாங்கிப் பூட்டியாயிற்று, சொட்டவில்லை. இதை வண்டிக்கும் தென்னைக்கும் வைத்துக்கொள்கிறோம். நாற்றுக்கு உச்சிப்புளி அக்கா சொன்ன கறுப்புப் பூவாளித் தலையும் பால் வால்வும் வாங்கியாயிற்று. தொட்டித் தண்ணீரிலேயே பரவலாக விழுகிறது, குச்சி ஒன்றும் சாயவில்லை. டீ போடுவதற்குப் பிளம்பரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை மோட்டாரை ஹோஸில் கொடுக்கப் போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன் அக்கா, மணல் நிறைய வருகிறது. பூவாளித் தலைக்கு முன்னால் சல்லடை வைத்த வாஷர் போட்டால் அழுத்தம் ரொம்பக் குறையுமா?

உச்சிப்புளித் தோட்டம்:

அடைக்காத வரைக்கும் பெரிதாகக் குறையாது தம்பி. ஆனால் அதைத் தலையில் போடாதீர்கள், டேப் பக்கம் ஹோஸ் தொடங்குகிற இடத்தில் போடுங்கள். மணல் ஹோஸுக்குள்ளேயே வராது, வால்வும் தேயாது. வாரம் ஒருமுறை கழற்றித் தட்டிவிட்டு மாட்டுங்கள்.