த்ராட்டில் ஏற்றும்போது நடுவில் மட்டும் "வவ் வவ்" என்று வருகிறது, அவசர உதவி தேவை

வால்காற்று (செவ்வாய், இரவு 11.48)
எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நானே போனில் ரெக்கார்ட் செய்த நிஜ என்ஜின் சத்தத்தை சிமுலேட்டர் விமானத்தில் போட்டிருக்கிறேன். இரண்டு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சின்னத் துண்டுகள். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே அருமை, ஆனால் சிமுலேட்டரில் த்ராட்டிலை மெல்ல ஏற்றினால் நடுவில் ஓர் இடத்தில் வவ்... வவ்... வவ்... என்று அலை மாதிரி ஏறி இறங்குகிறது. ஐட்லில் (த்ராட்டிலை முழுதாகக் குறைத்த நிலை) இல்லை, முழு த்ராட்டிலிலும் இல்லை. ரெக்கார்ட் செய்ய அனுமதி வாங்கிக் கொடுத்த என் இன்ஸ்ட்ரக்டருக்கு ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்ட வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேகக்கூட்டம் (புதன், காலை 6.10)
எந்த சிமுலேட்டர்? எந்த விமானம்? ஒரு என்ஜினா, இரண்டா? உள்ளே கேட்கும் சத்தமா, வெளியே கேட்பதா? வேவா, எம்பி3யா? இதெல்லாம் இல்லாமல் எதைச் சொல்வது நண்பரே. இரட்டை என்ஜின் என்றால் வவ் வருவது பிழையே இல்லை, நிஜ விமானத்திலேயே இரண்டு ப்ரொப்பெல்லரும் ஒரே வேகத்தில் சுற்றாவிட்டால் அப்படித்தான் கேட்கும், பைலட் அதைக் காதில் கேட்டுத்தான் சரிசெய்வார்.

நாற்பத்தெட்டாயிரம் (புதன், காலை 7.32)
சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை முறை சத்தத்தை அளந்து எழுதுகிறது என்ற எண். நூற்றுக்கு நூறு அதுதான். போன் 48000இல் ரெக்கார்ட் செய்யும், எடிட்டரில் ப்ராஜெக்ட் 44100இல் இருக்கும், இடையில் எங்கோ ஒரு லூப் மட்டும் தவறான ரேட்டோடு சேவ் ஆகியிருக்கும். அந்த ஒன்று 8 சதவீதத்துக்கு மேல் சுருதி விலகி நிற்கும். எனக்கு ஒரு ஹெலிகாப்டரில் இதே கதை நடந்து ஒரு வாரம் போனது. முதலில் அதைப் பாருங்கள்.

கோபுரம் (புதன், காலை 9.05)
இங்கே சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது, இந்தக் கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. தம்பி, போனில் எடுத்ததை வைத்துக்கொண்டு இதைத் தொடங்கியதே தவறு. போனில் ஆட்டோ கெயின் இருக்கும், சத்தம் கூடக் கூட அதுவே குறைத்துக்கொள்ளும், 2400 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2400 சுற்று) எடுத்ததும் ஐட்லில் எடுத்ததும் ஒரே அளவில் இருக்கும். அதைவிட மோசம் இரைச்சல் நீக்கம். மாறாமல் ஒரே சீராக வரும் சத்தத்தைத்தான் அது இரைச்சல் என்று நினைத்து அழிக்கும். என்ஜின் சத்தம் என்பதே மாறாமல் சீராக வருவதுதானே? நீங்கள் பதிவு செய்ய நினைத்ததையே போன் துடைத்துவிடும். அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் லூப்பைப் பற்றிப் பேசலாம்.

வால்காற்று (புதன், மதியம் 1.20)
ஃப்ளைட்கியர். செஸ்னா 172பி. உள்ளே. வேவ், மோனோ. போன்தான், ஆனால் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டு, கெயினைக் கையால் வைக்கும் ஆப்பில்தான் எடுத்தேன். ஆபீஸில் இருக்கிறேன், இரவு மீதியைப் போடுகிறேன்.

மேகக்கூட்டம் (புதன், மதியம் 1.41)
சரி, ஒற்றை என்ஜின். இன்னும் முக்கியமானதைச் சொல்லவில்லை. எந்தெந்த ஆர்பிஎம்மில் எடுத்த லூப்புகள்? எதிலிருந்து எதுவரை கிராஸ்ஃபேட், அதாவது ஒரு லூப் மங்கி அடுத்தது ஏறுவது? சத்தத்தின் அமைப்பு இருக்கும் எக்ஸ்எம்எல் ஃபைலில் பிட்ச் (சுருதி) பகுதியை அப்படியே ஒட்டுங்கள். அப்புறம் அந்த வவ் நொடிக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

மின்மினி (புதன், மாலை 5.15)
ரெக்கார்டிங்கே வேண்டாம் என்பேன். 172பியில் இருப்பது நான்கு சிலிண்டர் லைகமிங் ஓ-320. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 2400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 40 சுற்று, 80 வெடிப்பு, ஆக 80 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளைக் கணக்குப் போட்டு அடுக்கினால் எந்த ஆர்பிஎம்முக்கும் வழுக்கிக்கொண்டு போகும், லூப் தொல்லை கிடையாது, கிராஸ்ஃபேடும் கிடையாது. ப்ரொப்பெல்லருக்குத் தனியாக ஓர் அடுக்கு வைத்து அதன் சுருதியைக் காதுக்குப் பிடித்த மாதிரி கொஞ்சம் தள்ளி வையுங்கள், சத்தம் கனமாகும்.

பட்டறைக்காரன் (புதன், மாலை 6.02)
கடைசி வரியை மட்டும் செய்துவிடாதீர்கள். 172இல் ப்ரொப்பெல்லர் நேராக கிராங்க்ஷாஃப்டில் போல்ட் போட்டு நிற்கிறது, நடுவில் கியர் எதுவும் இல்லை. இரண்டு பிளேடு, ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஆகவே பிளேடு காற்றை வெட்டும் எண்ணிக்கையும் வெடிப்பின் எண்ணிக்கையும் எந்த ஆர்பிஎம்மிலும் ஒன்றுதான். அந்த விமானத்தின் குரலே அந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது. சுருதியைத் தள்ளி வைத்தால் அது வேறு விமானம். கியர் உள்ள என்ஜின் என்றால் கதை வேறு. பழைய போர் விமானங்களில் இருந்த மெர்லின் என்ஜினில் கியர் 0.477 விகிதம் என்று வைத்துக்கொண்டால், 3000 ஆர்பிஎம்மில் 12 சிலிண்டரும் சேர்ந்து 300 ஹெர்ட்ஸ், மூன்று பிளேடு ப்ரொப் சுமார் 72 ஹெர்ட்ஸ். அங்கே இரண்டும் தனித்தனிக் குரல். இங்கே ஒரே குரல்.

மின்மினி (புதன், மாலை 6.30)
ப்ரொப் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கணக்குப் போட்டுச் செய்வதே சிறந்த வழி என்பதில் மாற்றமில்லை.

ரன்வே27 (புதன், இரவு 8.11)
172இல் இப்போது 30 மணி நேரம் ஓட்டியிருக்கும் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். காக்பிட்டுக்குள் யாரும் வெறும் காதோடு உட்காருவதில்லை. ஹெட்செட் போட்டிருப்போம், அதுவும் இரைச்சல் தணிக்கும் ஹெட்செட் என்றால் அடித்தொனி முக்கால்வாசி போய்விடும், மேலே ஒரு மெல்லிய இரைச்சலும் சீட்டில் வரும் அதிர்வும்தான் மிச்சம். தத்ரூபம் வேண்டும் என்று பாடுபடுகிறவர்கள் எல்லோரும் பைலட் கேட்காத ஒரு சத்தத்துக்குத்தான் பாடுபடுகிறீர்கள்.

கோபுரம் (புதன், இரவு 8.40)
30 மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடாது. ஹெட்செட் போட்டாலும் பைலட் என்ஜினை எலும்பால் கேட்கிறான். தாடையில் ஏறும், முதுகில் ஏறும். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்பவனுக்கு அந்த அதிர்வு கிடையாது, அதைக் காது வழியாகத்தான் கொடுத்தாக வேண்டும். அடித்தொனியைக் குறைத்த சிமுலேட்டர் சத்தம் உயிரில்லாத சத்தம்.

ரன்வே27 (புதன், இரவு 8.52)
நான் உட்கார்ந்து கேட்டதைத்தானே சொன்னேன். ஹெட்செட் போட்ட சத்தம், கழற்றிய சத்தம் என்று இரண்டும் வைத்து ஒரு பட்டனில் மாற்ற வழி செய்யலாம். எக்ஸ்-பிளேன் 11 சிமுலேட்டரில் எஃப்மாட் என்ற ஒலிக் கருவி வந்த பிறகு பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பலாலி_அப்பு (புதன், இரவு 9.37)
எனக்கு சிமுலேட்டர் பற்றி அதிகம் தெரியாது, மகன் போட்டுத் தந்த படியால் ஓட்டுகிறேன். ஆனால் சத்தம் தெரியும். சின்ன வயதில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு எயார் சிலோன் ஆவ்ரோ விமானம் வரும். அதில் ரோல்ஸ்-ராய்ஸ் டார்ட் என்ஜின். தரையில் நிற்கும்போதே பல்லைக் கூச வைக்கிற ஒரு கீச்சல், வீட்டு முற்றத்தில் நின்றாலும் காற்று இந்தப் பக்கம் வீசினால் கேட்கும், அம்மா உடனே மணி என்ன என்று பார்ப்பா. பிள்ளைகளே, இவ்வளவு கணக்குப் போடுகிறீர்கள், யாராவது அந்த டார்ட்டைச் சரியாகச் செய்து தாருங்கள். கிடைக்கிற ஆவ்ரோ எல்லாவற்றிலும் சாதாரண ஜெட் சத்தத்தைத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள்.

மேகக்கூட்டம் (புதன், இரவு 9.50)
ஐயா, டார்ட் 15000 ஆர்பிஎம்மில் சுற்றுவது, காற்றை அழுத்தும் கம்ப்ரெஸரின் கீச்சல்தான் அதில் முக்கால் பங்கு. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இங்கே வால்காற்று தொலைந்துபோய்விடுவார்.

வால்காற்று (புதன், இரவு 11.58)
மன்னிக்கவும், இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். லூப் ஒன்று 1200, லூப் இரண்டு 2400. கிராஸ்ஃபேட் 1400இல் தொடங்கி 1900இல் முடிகிறது. ஆர்பிஎம்மைப் பெருக்கி லூப் ஓடும் வேகத்தை முடிவு செய்யும் பிட்ச் ஃபேக்டர் முதல் லூப்புக்கு 0.000833, இரண்டாவதற்கு 0.000417, ஆஃப்செட் (அதோடு கூட்டும் எண்) இரண்டிலும் பூஜ்ஜியம். 1600இல் நிறுத்தி எண்ணிப் பார்த்தேன், 10 நொடிக்கு 26 அல்லது 27 வவ். சாம்பிள் ரேட் இரண்டு ஃபைலிலும் 48000, அதைச் சரிபார்த்துவிட்டேன். நான் பின் சீட்டில், போனைக் கால் பக்கம் துண்டில் சுற்றி வைத்திருந்தேன், அங்கிருந்தே ஆர்பிஎம் காட்டும் டேக்கோமீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

பட்டறைக்காரன் (வியாழன், காலை 5.45)
இப்போதுதான் வேலை செய்கிற அளவுக்குத் தகவல் வந்திருக்கிறது. ஃபேக்டர் இரண்டும் சரி, ஒன்றை 1200ஆல் வகுத்தால் 0.000833, 2400ஆல் வகுத்தால் 0.000417. ஆஃப்செட் பூஜ்ஜியம்தான் இருக்க வேண்டும். தப்பு எக்ஸ்எம்எல்லில் இல்லை, 1200 என்று நீங்கள் எழுதிக்கொண்ட அந்த எண்ணில்தான் என்று நினைக்கிறேன்.

கிராஸ்ஃபேட் நடக்கும்போது இரண்டு லூப்பும் சேர்ந்து ஒலிக்கின்றன. இரண்டும் ஒரே ஆர்பிஎம்மாகக் கேட்டால் பிரச்சினை இல்லை. ஒன்று கொஞ்சம் விலகினால், விலகல் எத்தனை ஹெர்ட்ஸோ நொடிக்கு அத்தனை வவ். உங்களுக்கு 2.6, 2.7 வருகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, ஆக 2.67 ஹெர்ட்ஸ் என்றால் 80 ஆர்பிஎம் வித்தியாசம். 1600இல் 80 என்றால் 5 சதவீதம். 48000க்கும் 44100க்கும் குழப்பம் நடந்திருந்தால் 1600இல் நொடிக்கு 4.7 வவ் வந்திருக்கும், அது இது இல்லை.

1200 என்று எழுதியது உண்மையில் 1260 அல்லது 1140. பின் சீட்டில் இருந்து டேக்கோமீட்டரைச் சாய்வாகப் பார்த்தால் முள் ஒரு கோடு தள்ளித்தான் தெரியும். அதோடு கேபிளில் ஓடும் பழைய டேக்கோமீட்டரே கொஞ்சம் பொய் சொல்லும், அதனால்தான் நாங்கள் ப்ரொப்பைப் பார்த்து எண்ணும் ஆப்டிகல் டேக்கோவை வைத்துச் சரிபார்ப்போம். டேக்கோமீட்டரை நம்பாதீர்கள், ரெக்கார்டிங்கையே கேளுங்கள், அது பொய் சொல்லாது. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் லூப்பைத் தேர்ந்தெடுத்து, எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ப்ளாட் ஸ்பெக்ட்ரம் போடுங்கள். சைஸ் 65536 வையுங்கள், 2048இல் விட்டால் ஒரு கட்டமே 20 ஹெர்ட்ஸுக்கு மேல் அகலம், 1200இன் 40க்கும் 1260இன் 42க்கும் வித்தியாசம் தெரியாது. போன் மைக்கில் 40 ஹெர்ட்ஸ் மங்கலாகத்தான் விழுந்திருக்கும், அதனால் பத்தாவது மடங்கைப் பாருங்கள். 400 பக்கம் முனை (வரைபடத்தின் உச்சி) நின்றால் 1200. 420 என்றால் 1260.

நாற்பத்தெட்டாயிரம் (வியாழன், காலை 7.20)
எண்ணிக்கை வைத்துப் பார்த்தால் சாம்பிள் ரேட் இல்லைதான். வவ்வை எண்ணியே பிழையைப் பிடிக்கலாம் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மின்மினி (வியாழன், காலை 8.02)
420 பக்கத்தில் இன்னும் நிறைய சின்ன முனைகள் தெரியுமே, அதில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டறைக்காரன் (வியாழன், காலை 8.30)
நல்ல கேள்வி. நான்கு சிலிண்டரும் ஒரே மாதிரி வெடிப்பதில்லை, ஒன்று கொஞ்சம் பலமாக, ஒன்று கொஞ்சம் சோம்பலாக. அந்த வேறுபாடு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை திரும்ப வரும், அதனால் இடையிடையே சின்ன முனைகள் 10 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும். 1260 என்றால் இடைவெளி 10.5. இருபது இடைவெளியை எண்ணி வகுத்தால் தெளிவாகிவிடும். ஐட்லில் தடதடவென்று கேட்கும் உயிர் இந்தச் சின்ன முனைகளில்தான் இருக்கிறது. மின்மினி, கணக்குப் போட்டுச் செய்யும் சத்தம் தையல் மெஷின் மாதிரி கேட்பது இவற்றை விட்டுவிடுவதால்தான், இவற்றையும் சேர்த்தால் உங்கள் வழியும் நல்ல வழியே.

வால்காற்று, இன்னொன்று. எண்ணைச் சரிசெய்தாலும் கிராஸ்ஃபேடை 1400இலிருந்து 1900 வரை இழுக்காதீர்கள். 172பியில் புறப்படுவதற்கு முன் என்ஜினைச் சோதிக்கும் ரன்-அப் 1700இல். ஒவ்வொரு பறப்பிலும் அங்கே ஒரு நிமிடம் நிற்பார்கள், உங்கள் இன்ஸ்ட்ரக்டர் முதலில் கேட்கப்போவதும் அந்த ஒரு நிமிடத்தைத்தான். என்ஜின் நின்று பேசும் இடத்தில் இரண்டு ரெக்கார்டிங் கலக்கக் கூடாது. 1250க்கும் 1450க்கும் நடுவில் முடித்துவிடுங்கள், அங்கே யாரும் அதிக நேரம் நிற்பதில்லை. மறுபடி போக முடிந்தால் 1700இலேயே ஒரு லூப் எடுங்கள், 2400ஐ அவ்வளவு தூரம் கீழே இழுத்தால் தொண்டை கட்டின மாதிரி இருக்கும்.

கோபுரம் (வியாழன், காலை 9.15)
1700 பற்றிச் சொன்னது சரியான பேச்சு. நான் இத்தனை வருடத்தில் அதை யோசித்ததில்லை. போனில் எடுத்தது வேண்டாம் என்று நான் சொன்னது மட்டும் அப்படியே நிற்கட்டும்.

வால்காற்று (வியாழன், இரவு 10.26)
420.6. சரியாக அங்கேதான் முனை. 1260க்கு ஃபேக்டர் 0.000794 போட்டேன், வவ் போய்விட்டது. கிராஸ்ஃபேடையும் கீழே இறக்கிவிட்டேன். பட்டறைக்காரன் அண்ணே, ரொம்ப நன்றி.

மேகக்கூட்டம் (புதன், காலை 6.35)
ஞாயிறு போய் மூன்று நாள் ஆகிறது. என்ன ஆயிற்று?

பலாலி_அப்பு (வெள்ளி, இரவு 7.14)
நானும் தினம் வந்து பார்க்கிறேன் தம்பி.

வால்காற்று (சனி, இரவு 11.40)
வேலை, எழுத முடியவில்லை. சார் கண்ணை மூடிக்கொண்டு ரன்-அப் முழுவதும் கேட்டார். முடிந்ததும், ப்ளக்குக்குப் பொறி தரும் இரண்டு மேக்னெட்டோவில் ஒன்றில் மட்டும் வைக்கும்போது ஆர்பிஎம் இறங்குகிறது, ஆனால் சிலிண்டருக்கு ஒரு ப்ளக் மட்டும் எரியும் அந்தக் குரல் வரவில்லையே என்றார். அடுத்த வாரம் விமானம் சும்மா நிற்கும் ஒரு நாளில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், 1700இல் மூன்று லூப் எடுக்கப் போகிறேன். இடது மேக்னெட்டோ, வலது, இரண்டும்.