மருந்துச் சீட்டைப் படிக்கிற வேலை: கொரோனா காலத்து மருந்தாளுநர் அனுபவங்கள்

மருந்துக்கடை, மதுரை:
அந்த இரண்டு வருடமும் கவுண்டரில் அதிகம் போட்ட கணக்கு பாராசிட்டமால் கணக்குதான். 650 மி.கி. மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 2,600 மி.கி. அதே ஆள் சளிக்கென்று கூட்டு மாத்திரை ஒன்றையும் மூன்று வேளை போடுவார். ஒவ்வொன்றிலும் பாராசிட்டமால் 500 இருந்தால் 1,500. மொத்தம் 4,100. பெரியவர்களுக்கு நாள் உச்சவரம்பே 4,000தான். குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் இன்னும் குறைவு. பெயர் வேறு, மருந்து ஒன்று என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்பக்கப் பொடி எழுத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள்.

மருந்துக்கடை, திருச்சி:
கொரோனாவுக்கென்று எல்லோரும் தேடிய ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 26 அன்று அதன் சில்லறை விற்பனைக்கு எச்1 விதிகள், அதாவது டாக்டர் சீட்டோடு விற்று பதிவும் வைக்க வேண்டிய மருந்துகளுக்கான விதிகள், வந்தன. எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனி ரெஜிஸ்டரில் ஏற வேண்டும். ரெஜிஸ்டரை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். வேலை கூடியது உண்மை. ஆனால் லூபஸ், முடக்குவாதத்துக்கு மாதாமாதம் வாங்குபவர்களுக்கு அது நல்லதுதான். மருந்து நின்றால் அவர்களுக்கு மூட்டு வீக்கமும் வலியும் திரும்பிவிடும். பழைய சீட்டுக்காரர்களின் ஒரு மாத அளவை முதலிலேயே ஒதுக்கிவிட்டு மிச்சத்தை விற்பதுதான் நியாயம்.

மருந்துக்கடை, சேலம்:
எனக்கு ஆறாத விஷயம் ஸ்டீராய்டு. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு நாளைக்கு 6 மி.கி., அதிகபட்சம் பத்து நாள், அதுவும் ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களுக்கு. வாட்ஸ்அப்பில் சுற்றிய சீட்டில் அந்த விவரம் எதுவும் இருக்காது. காய்ச்சல் வந்த முதல் நாளே கேட்பார்கள். ஒருவர் சீட்டில் வீடே வாங்கும். சீட்டில் தேதி, வயது, பெயர் மூன்றையும் பார்த்து, "ஆக்சிஜன் அளவு எவ்வளவு, சர்க்கரை இருக்கா" என்று கேட்டால் பாதி விஷயம் வெளியே வந்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு ஏறினால் ரத்தச் சர்க்கரை எகிறும். 2021-ல் கரும்பூஞ்சை அந்த வழியாகவும்தான் வந்தது. கொடுக்காமல் அனுப்பினால் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும்.

ஆஸ்பத்திரி பார்மசி, கோவை:
அந்தக் கரும்பூஞ்சைக்கான ஆம்போடெரிசின் பற்றி விரிவாகவே எழுதுகிறேன். லிப்போசோமல் வகை (மருந்தை நுண்ணிய கொழுப்பு உருண்டைகளில் அடைத்தது) உடல் எடை கிலோவுக்கு 5 மி.கி. என்றால், 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 300 மி.கி., அதாவது 50 மி.கி. வயல் (மருந்துக் குப்பி) ஆறு. ஒவ்வொரு வயலிலும் 12 மி.லி. ஊசித் தண்ணீர் விட்டு, அரை நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும், மி.லி.க்கு 4 மி.கி. கிடைக்கும். 5 மைக்ரான் ஃபில்டர் வழியாக 5% டெக்ஸ்ட்ரோஸில் (குளுக்கோஸ் கரைசல்) சேர்க்க வேண்டும். சலைனில் சேர்த்தால் மருந்து திரிந்து படிந்துவிடும். அதே டிரிப் குழாயில் முன்பு சலைன் ஓடியிருந்தால் டெக்ஸ்ட்ரோஸ் விட்டு அலசிய பிறகே ஏற்ற வேண்டும்.

பெரிய ஆபத்து வேறு. பழைய சாதாரண ஆம்போடெரிசினும் 50 மி.கி. வயல்தான், பெயரும் அதே. அதன் அளவு கிலோவுக்கு ஏறக்குறைய 1 மி.கி. தட்டுப்பாட்டில் ஒன்றுக்குப் பதில் மற்றது வந்து, அளவை மாற்றாமல் ஏற்றினால் ஐந்து மடங்கு. சிறுநீரகமும் இதயமும் தாங்காது.

மருந்துக்கடை, திருச்சி:
சார், இதை இண்டென்ட்டிலேயே, அதாவது வார்டு மருந்து கேட்டு அனுப்புகிற சீட்டிலேயே, தடுக்க முடியுமா?

ஆஸ்பத்திரி பார்மசி, கோவை:
முடியும். 'லிப்போசோமல்' அல்லது 'சாதாரண' என்ற சொல்லும், நோயாளியின் எடையும் இல்லாத இண்டென்ட்டை வார்டுக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும். இரண்டு வகையையும் ஃப்ரிட்ஜில் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.