ஜெர்மனிக்கு வந்த பிறகு எந்தக் காப்பீடு கைகொடுத்தது? உங்கள் அனுபவங்கள்

மியூனிக் வரப்போகிறவர்:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் மனைவியோடு மியூனிக் வருகிறேன். ப்ளூ கார்டு (படித்த வேலைக்காரர்களுக்கான விசா), ஆண்டுச் சம்பளம் 80,000 யூரோ. வேலை உறுதியான கையோடு ஒரு முகவர் போன் செய்து, பிரைவேட் மருத்துவக் காப்பீடு எடுத்தால் மாதாமாதம் நல்ல தொகை மிச்சமாகும் என்கிறார். கூடவே பென்ஷன் திட்டம், விபத்துக் காப்பீடு, பல் காப்பீடு என்று அடுக்குகிறார். அங்கே சில ஆண்டுகள் இருப்பவர்கள் எதை எடுத்தீர்கள்? எது உண்மையிலேயே உதவியது?

ஸ்டுட்கார்ட்டிலிருந்து:

தம்பி, முதலில் மருத்துவக் காப்பீட்டில் பப்ளிக்கா (சட்டப்படியான பொதுக் காப்பீடு) பிரைவேட்டா என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் வந்து இறங்கி, வீடு பார்த்து, நிதானமாக எடுக்கலாம். இது ஒன்றில்தான் உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கஷ்டம்.

ஜெர்மனியில் வசிக்கும் எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். வேலை பார்ப்பவர் பிரைவேட்டுக்குப் போக வேண்டுமென்றால் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும். 2025-இல் அந்த வரம்பு 73,800 யூரோ, 2026-இல் 77,400. உங்கள் சம்பளம் அதைக் கொஞ்சம் தாண்டுகிறது, அதனால்தான் முகவர் இத்தனை அக்கறையாகப் பேசுகிறார். பப்ளிக்கில் ஒரு உச்சவரம்பு வரையிலான சம்பளத்தில் 14.6 சதவீதம், அதற்கு மேல் ஒவ்வொரு காஸெயும், அதாவது பப்ளிக் காப்பீட்டு நிறுவனமும், கேட்கும் கூடுதல் பங்கு. இரண்டிலும் பாதியைக் கம்பெனி கட்டும். பிரைவேட்டில் சம்பளத்துக்கும் கட்டணத்துக்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் வயது, உடல்நிலை, எடுக்கும் திட்டம், இவைதான் கணக்கு. முப்பது வயதில், ஒரு நோயும் இல்லாதவருக்கு அது மலிவாகத்தான் தெரியும்.

நாங்கள் வந்தபோது என் கணவருக்கும் இதே யோசனை சொன்னார்கள். எனக்கு அப்போது வேலை இல்லை. பப்ளிக்கில் இருந்ததால் ஒரு யூரோ கூடுதலாகக் கட்டாமல் நானும் அவருடைய காப்பீட்டிலேயே சேர்ந்தேன். பிரைவேட் என்றால் எனக்குத் தனிக் கட்டணம், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கட்டணம். இன்னொன்றும் இருக்கிறது. கணவன் மனைவியில் ஒருவர் பிரைவேட்டில் இருந்து, அவர் சம்பளம் வரம்புக்கு மேலே, மற்றவர் சம்பளத்தையும் விட அதிகம் என்றால், மற்றவர் பப்ளிக்கில் இருந்தாலும் குழந்தைகளை இலவசமாகச் சேர்க்க முடியாது. இதை எங்களிடம் எந்த முகவரும் சொல்லவில்லை. காஸெ அலுவலகத்துக்கே போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது.

பிறகு எனக்கும் வேலை கிடைத்தது, சம்பளம் வரம்புக்குக் கீழே. மகள் பிறந்து நான் பெற்றோர் விடுப்பில் இருந்தபோது பப்ளிக்கில் எனக்குக் கட்டணமே வரவில்லை. பிரைவேட்டில் இருந்த என் தோழியும் அதே சமயம் விடுப்பில் இருந்தாள். சம்பளம் நின்றதும் கம்பெனி கட்டிவந்த பாதியும் நின்றது. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முழுத் தொகைக்கான கடிதத்தை என்னிடம் காட்டினாள். அவளுக்கு வந்த எல்டர்ன்கெல்ட் என்ற பெற்றோர் உதவித்தொகையில் பெரும்பகுதி அதற்கே போனது. அவளுக்கு விற்றவர் இந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவள் தயாராக இருந்திருப்பாள். எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது.

பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலை போனால், அல்லது சம்பளம் வரம்புக்குக் கீழே இறங்கினால் திரும்பலாம். 55 வயதுக்கு மேல் அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும்.

பிரைவேட்டே கெட்டது என்று சொல்ல வரவில்லை. சிறப்பு மருத்துவரிடம் சீக்கிரம் நேரம் கிடைப்பது உண்மை. பப்ளிக்கில் தோல் மருத்துவருக்கு நான் மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன். தனி ஆள், நல்ல சம்பளம், கடைசிவரை இங்கேதான் என்ற தீர்மானம், வயதான காலக் கட்டணத்துக்குச் சேமிப்பு, இவை எல்லாம் இருப்பவருக்குப் பொருந்தலாம். மனைவியோடு வருகிறீர்கள், எத்தனை ஆண்டு இருப்பீர்கள் என்று தெரியாது. உங்களுக்குப் பப்ளிக்தான் சரி.

டி.கே., ஏ.ஓ.கே., பார்மர் என்று காஸெகள் பல இருந்தாலும் சிகிச்சைகளில் பெரும்பகுதி சட்டப்படி எல்லாவற்றிலும் ஒன்றுதான். கூடுதல் பங்கு எவ்வளவு, ஆங்கிலத்தில் பேச ஆள் உண்டா என்று மட்டும் பாருங்கள். பன்னிரண்டு மாதம் கழித்து வேறு காஸெக்கு மாறிக்கொள்ளலாம்.

ஹாம்பர்க்கிலிருந்து:

அக்கா சொன்னதற்கு அடுத்தபடி ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட், அதாவது நம்மால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு. நம் ஊரில் பேச்சில்கூட அடிபடாத ஒன்று. இங்கே நம் கவனக்குறைவால் ஒருவருக்குக் காயமோ நஷ்டமோ வந்தால் முழுவதையும் ஈடுகட்ட வேண்டும், இதற்கு உச்சவரம்பே கிடையாது. சைக்கிளில் போகும்போது ஒருவர் மீது மோதி அவர் வேலைக்குப் போக முடியாமல் ஆகிவிட்டால் ஆயுள் முழுக்க அந்தக் கடன். இத்தனைக்கும் காப்பீட்டுக் கட்டணம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 யூரோவை ஒட்டித்தான் வரும். ஈட்டுத்தொகை குறைந்தது 1 கோடி யூரோ இருக்கட்டும்.

என் மகனுக்கு ஐந்து வயதிருக்கும்போது காலால் உந்தும் ஸ்கூட்டரோடு பக்கத்து வீட்டுக்காரர் கார் மீது சாய்ந்துவிட்டான். முன்கதவிலிருந்து பின்கதவு வரை ஒரே கோடு. அவர் ஒன்றும் சத்தம் போடவில்லை, செல்போனில் படம் எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இங்கே ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை சட்டப்படி பொறுப்பாளி ஆகாது. பெற்றோர் கண்காணிக்கத் தவறியிருந்தால்தான் நம் மேல் பொறுப்பு வரும். அப்படி இல்லையென்றால், சாதாரணத் திட்டம் வைத்திருப்பவருக்கு நிறுவனம் "யாரும் கடன்பட்டவர் இல்லை" என்று பதில் எழுதி முடித்துவிடும். சட்டம் நம் பக்கம், ஆனால் தினமும் படிக்கட்டில் அந்த மனிதரைப் பார்த்தாக வேண்டுமே. எங்கள் திட்டத்தில் சிறு குழந்தைகள் செய்யும் சேதத்துக்கும் தருவோம் என்ற விதி இருந்தது. பணம் நானே தருகிறேன் என்று அவரிடம் வாக்குக் கொடுக்காமல், அன்றே படம், நடந்தது என்ன என்று நாலு வரி, அப்புறம் பட்டறையின் செலவு மதிப்பீடு, மூன்றையும் நிறுவனத்துக்கு அனுப்பினேன். நேரே அவர் கணக்கில் போட்டுவிட்டார்கள். குழந்தை உள்ளவர்கள் இந்த விதியைத் தேடிப் பார்த்து எடுங்கள்.

வாடகை வீட்டுச் சேதம், சாவி தொலைவது இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல கட்டிடங்களில் தெருக்கதவுக்கும் வீட்டுக்கும் ஒரே சாவி. அது தொலைந்தால் மொத்தக் கட்டிடத்தின் பூட்டையும் மாற்றும் செலவு நம் தலையில் விழலாம். மற்றபடி போன் காப்பீடு, பெட்டி காப்பீடு எல்லாம் வேண்டாம். உடைந்தால் நாமே வாங்கிவிடக்கூடிய பொருள்கள்தானே.

ஹம்மிலிருந்து:

நான் 80களின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். தம்பி, எந்தக் காப்புறுதி என்று பார்க்கும் முன் விற்கிறவர் யார் என்று பாருங்கள். எங்கட சனத்துக்குள் கல்யாண மண்டபத்திலும் பிறந்தநாள் விழாவிலும் கோப்போடு ஒருவர் இருப்பார். தமிழில் கதைப்பார், படிவத்தை அவரே நிரப்பித் தருவார். தெரிந்த பெடியன்தானே என்று சனம் கையெழுத்துப் போட்டுவிடும்.

என் மருமகன் அப்படித்தான் பங்குநிதியோடு சேர்ந்த ஓய்வூதியக் காப்புறுதி ஒன்றில் சேர்ந்தார். சில வருஷத்தில் கனடாவுக்குப் போகும் நிலை வந்து நிறுத்தியபோது, கட்டிய காசைவிடக் குறைவாகத்தான் கையில் கிடைத்தது. இந்த வகைத் திட்டங்களில் விற்பனைச் செலவை முதல் ஐந்து வருஷக் கட்டணத்தில் பரப்பி எடுத்துவிடுவார்கள். இடையில் நாடு மாறக்கூடிய ஆளுக்கு அது பொருந்தவே பொருந்தாது. நீங்கள் இங்கே தங்குவது உறுதியாகும் வரை இதைத் தொடாதேயுங்கோ.

முதல் சந்திப்பிலேயே தான் யார் என்று விற்கிறவர் எழுத்தில் தர வேண்டும் என்பது இங்கத்தைச் சட்டம். ஃபெர்ட்ரேட்டர் என்றால் கம்பெனியின் ஆள். மாக்லர் என்றால் உங்கள் பக்கம் நின்று பல கம்பெனிகளில் தேட வேண்டியவர். பதிவு எண்ணும் அந்தத் தாளில் இருக்கும், இணையத்தில் சரிபார்க்கலாம். அவசரப்பட்டுக் கையெழுத்து வைத்தாலும் பெரும்பாலான ஒப்பந்தங்களை 14 நாளுக்குள் மீளப்பெறலாம், ஆயுள் காப்புறுதி என்றால் 30 நாள். ஊருக்கு ஊர் ஃபெர்பிராவுஹர்ட்சென்ட்ராலெ என்ற நுகர்வோர் ஆலோசனை நிலையம் உண்டு. அங்கே கட்டணம் வாங்குவார்கள், ஆனால் விற்க ஒன்றும் வைத்திருப்பதில்லை. நான் பல பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

பெர்லினிலிருந்து:

வேலை செய்ய முடியாமல் போனால் மாத வருமானம் தரும் பி.யு. காப்பீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அரசு பென்ஷன் இருக்கிறதே என்பார்கள். அதற்குப் பொதுவாக ஐந்து ஆண்டு சந்தா கட்டியிருக்க வேண்டும். முழுத் தொகை வேண்டுமென்றால் எந்த வேலையையும் நாளுக்கு மூன்று மணி நேரம்கூடச் செய்ய முடியாத நிலையில் இருக்க வேண்டும். புதிதாக வந்தவருக்கு ஏறக்குறைய எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம்.

இதில் சிக்கல் உடல்நலக் கேள்விகள். வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. வீட்டு நினைப்பு, நாலு மணிக்கே இருட்டு. மருத்துவரிடம் போனேன், கொஞ்ச நாள் மனநல ஆலோசனையும் கிடைத்தது, தேறிவிட்டேன். பின்னால் பி.யு. விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி வந்து நின்றது. மறைத்தால், பணம் கேட்கும் நாளில் ஒப்பந்தமே செல்லாமல் போகலாம். நான் என் காஸெயிடம் இதுவரை நடந்த சிகிச்சைகளின் பட்டியலைக் கேட்டு வாங்கினேன், அது நம் உரிமை. எனக்கு வராத ஒரு முதுகு நோய் அதில் இருந்தது! மருத்துவரிடம் சொல்லித் திருத்தினேன். பிறகு ஒரு மாக்லர் என் பெயரைச் சொல்லாமலே பல நிறுவனங்களிடம் நிலைமையை விவரித்துக் கேட்டார். ஒன்று கூடுதல் கட்டணத்தோடு ஏற்றுக்கொண்டது. நேராக விண்ணப்பித்து மறுப்பு வாங்கியிருந்தால் அடுத்த நிறுவனத்திலும் அதைச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் காப்பீட்டுக்காக மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் உடம்பும் மனசும்தான் முதலில்.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து:

கொஞ்ச நாளில் பேறுகாலத்துக்கு அம்மா அப்பாவை வரவழைப்பீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோரை நம் காஸெயில் சேர்க்க முடியாது. அவர்கள் வர எடுக்கும் குறுகிய கால ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு வேண்டும். அந்த நிபந்தனைக்காக மட்டும் மலிவாக ஒன்று வாங்கிவிடுவதுதான் நம்மவர் வழக்கம்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர், முன்பே ஸ்டென்ட் வைத்த இதயம். நிறையத் திட்டங்களில் ஏற்கெனவே உள்ள நோய் என்றால் கையை விரித்துவிடுவார்கள். அதனால் வாங்கும் முன் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அப்பாவின் நோய்களை வெளிப்படையாக எழுதிக் கேட்டேன்: இருக்கும் நோய் திடீரென்று முற்றினால் தருவீர்களா, மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவீர்களா? திடீர் அவசரம் என்றால் உண்டு, வழக்கமான பரிசோதனைக்குக் கிடையாது என்று தெளிவாகப் பதில் வந்தது. அந்தத் திட்டத்தையே எடுத்தேன்.

வந்த சில வாரங்களில் ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி. 112-ஐ அழைத்தோம். மருத்துவமனைச் சேர்க்கை மேசையில் இருந்த பெண்மணி முதலில் கேட்டது காஸெ அட்டையைத்தான். இல்லை என்றதும் செலவுக்கு யார் பொறுப்பு என்று ஒரு படிவத்தை நீட்டினார். காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு அங்கிருந்தே பேசினேன். காலைக்குள் செலவை ஏற்கும் கடிதம் மருத்துவமனைக்கு வந்துவிட்டது. நான் கைக்காசு எதுவும் கட்ட வேண்டி வரவில்லை.

பெற்றோர் வந்து இறங்கிய பிறகு என்றால், பல நிறுவனங்கள் சில நாள்களுக்குள் வாங்கினால்தான் ஏற்கும், அதனால் ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைப் பிராண்ட் பெயரோடு நிறுத்தாமல் மூலப்பெயரும் அளவும் போட்டு டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அன்று ராத்திரி ஆம்புலன்ஸில் வந்தவர்கள் முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான்.